வகுப்பறையில் ஒரு கேள்வி: பிரஜை என்பவர் யார்?

மலைநாட்டில் ஒரு தோட்டப் பாடசாலை. பனிமூட்டம் இன்னும் விலகாத காலை வேளை. ஒன்பதாம் வகுப்பின் கடைசி வாங்கில், ஆசிரியரின் அனுமதியோடு, நாம் அமர்ந்திருந்தோம். அன்றைய பாடம் பிரஜாவுரிமை. பிரஜை என்பவர் யார் என்று ஆசிரியர் வினவினார். புத்தகத்திலிருந்த வரைவிலக்கணத்தை முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்புவித்தனர். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பிரஜைக்குரிய உரிமைகள் யாவை, கடமைகள் யாவை என்று கேட்டார். அவையும் வரிசை தவறாமல் வந்தன. பரீட்சையில் இக்கேள்வி வருமாயின் அவ்வகுப்பில் எவரும் புள்ளி இழக்கமாட்டார் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

அப்பொழுது யன்னலோரத்தில் இருந்த சிறுமி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சேர், எங்க அம்மாயி நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் பிரஜை இல்லையாம். அப்படின்னா அதுவரைக்கும் அவங்க யாரு சேர்?"

வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியர் கையிலிருந்த புத்தகத்தை மேசைமீது வைத்தார். அவர் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. "நல்ல கேள்வி, பிள்ளை. இதற்கு ஒரு வரியிற் பதில் சொல்ல இயலாது. அடுத்த கிழமை பேசுவோம்" என்று கூறி அவர் வெளியே வந்தார்.

ஆசிரியர் அறையில் தேநீர் அருந்தும்போது அவர் எம்மிடம் ஒன்று சொன்னார். "பத்து வருஷங்களுக்கு முந்தி வேறொரு பையன் இதே கேள்வியைக் கேட்டான். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று இருத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாடத்தில் இல்லாதது அல்ல அது. அதுதான் பாடம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று."

அந்த ஆசிரியர் அக்கேள்விக்கு எவ்வாறு விடை காணப்போகிறார் என்பதை அறியும் ஆவல் எமக்கு உண்டாயிற்று. அடுத்து வந்த வாரங்களில் இருமுறை மீண்டும் அங்கு சென்றோம். அங்கே கண்டவற்றையும், அவற்றால் எம்முள்ளத்தில் எழுந்த சிந்தனைகளையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

உலகப் பிரஜை என்னும் சொல்

பிள்ளைகளை 'உலகப் பிரஜைகளாக' வளர்க்கவேண்டும் என்ற பேச்சு இன்று கல்வியாளர் மத்தியில் பெரிதும் அடிபடுகின்றது. இது நேற்று முளைத்த எண்ணமன்று. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் சாம்பலிலிருந்து எழுந்த யுனெஸ்கோ நிறுவனம், நாடுகளிடையே நல்லெண்ணத்தைப் பாடசாலைகளின் மூலம் வளர்க்கும்பொருட்டு 1953ஆம் ஆண்டிலேயே கூட்டுப் பாடசாலைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. சர்வதேசப் புரிந்துணர்வு, மனித உரிமை ஆகியவற்றைக் கற்பிப்பதுபற்றி 1974இல் ஒரு விதப்புரையையும் வெளியிட்டது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த பதினேழு இலக்குகளுள் நான்காவது கல்வியாகும்; அவ்விலக்கினுள் உலகப் பிரஜைத்துவமும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றது.

ஆயினும் இச்சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பாரும் உளர். "தன் ஊரின் வாய்க்கால் எங்கே போகிறதென்று அறியாத பிள்ளைக்கு உலகப் பிரச்சினை எதற்கு?" என்பார் ஒரு சாரார். "வகுப்பறைக்குள் அரசியலைப் புகுத்தாதீர்கள்" என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றிலும் ஓரளவு நியாயம் இருக்கவே செய்கின்றது. கொடிகளின் படத்தை ஒட்டிவைத்து, வெளிநாட்டு உடைகளை அணிந்து ஆடி, ஆண்டுக்கொருமுறை உலக சமாதான தினம் கொண்டாடுவதுடன் கடமை முடிந்ததென்று இருப்போமாயின், அது உலகக் கல்வியன்று, வெறும் விழாவே. கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் நினைவுகூரும் நாம், அடுத்த கிராமத்தவரோடு கிணற்றைப் பங்கிடத் தயங்குவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியாயின் வழி யாது? உலகம் பிள்ளையின் வீட்டு வாசலால் உள்ளே வரவேண்டும் என்பதே எமது கருத்து. அதனை அந்த மலைநாட்டு ஆசிரியர் செய்து காட்டினார்.

ஒரு கோப்பைத் தேநீர்

நாம் இரண்டாம்முறை சென்றபோது கரும்பலகைக்கு அருகே ஓர் உலகப் படம் தொங்கிற்று. மேசைமீது ஒரு பிடி பச்சைக் கொழுந்தும், ஒரு தேயிலைப் பொட்டலமும், ஒரு சிறிய தராசும் இருந்தன. "உங்கள் அம்மா இன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுப்பார்?" என்று ஆசிரியர் கேட்டார். பதினாறு என்றாள் ஒருத்தி. பதினெட்டு என்றான் வேறொருவன். பதினெட்டை எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, உலர்ந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. ஆகவே பதினெட்டுக் கிலோ கொழுந்து நான்கு கிலோ தேயிலை. கடையில் விற்கும் சிறு தேயிலைப் பையொன்றில் இரண்டு கிராம் தூள் இருக்கும். கணக்கைப் பிள்ளைகளே செய்தார்கள். ஒரு தாயின் ஒரு நாளுழைப்பு, எங்கோ தூரதேசங்களில், இரண்டாயிரம் கோப்பைத் தேநீர்!

அவ்விடை வந்ததும் வகுப்பிலே எழுந்த ஆரவாரத்தை நாம் மறக்கவியலாது. தன் தாயின் கைகள் இரண்டாயிரம்பேரின் காலைப்பொழுதைத் தொடுகின்றன என்பதை அப்பிள்ளைகள் அதற்குமுன் எண்ணிப்பார்த்ததில்லை. பெருமிதத்தோடு மற்றொரு கேள்வியும் உடனே பிறந்தது. "அப்ப அந்த ரெண்டாயிரம் கோப்பைக்கு அவங்க குடுக்கிற காசு எங்க சேர் போகுது?" ஆசிரியர் விடை கூறவில்லை. தொழிற்சாலை, தரகர், கொழும்பு ஏலம், கப்பல், பொதிசெய்யும் கம்பெனி, கடை என்று ஒவ்வொரு படியையும் கரும்பலகையில் வரைந்து, எந்தப் படியில் எவருக்கு எவ்வளவு சேரும் என்பதை விசாரித்து வருமாறு குழுக்களாகப் பிரித்துவிட்டார்.

அதன்பின் கதை பின்னோக்கிச் சென்றது. இம்மலைகளில் முதலிலே செழித்தது கோப்பி. 1869ஆம் ஆண்டளவில் அதன் இலைகளிலே செம்மஞ்சள் நிறத்திலே ஒரு பூஞ்சண நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதல் தேயிலையின் நிறை 23 இறாத்தல் மாத்திரமே. 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கிற்று. ஓர் இலையிற் பற்றிய நோய் ஒரு நாட்டின் வாழ்வையே மாற்றிவிட்டது.

அந்தத் தோட்டங்களிலே உழைப்பதற்குத் தமிழ்நாட்டின் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் கடல் கடந்தார்கள். தொடக்க காலத்தில் மன்னாரிலே கரையேறி, காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தவர் பலர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவரும் பலர். "உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார்?" என்று கேட்டபோது, ஐந்தாறு பிள்ளைகளுக்கே விடை தெரிந்திருந்தது. மற்றவர்கள் வீட்டிலே கேட்டு வருவதாகச் சொன்னார்கள்.

இருபத்தைந்து நாள்கள்

இவ்வளவு அடித்தளம் இட்ட பின்னரே ஆசிரியர் அச்சிறுமியின் கேள்விக்குத் திரும்பினார். தாம் தொகுத்த ஆண்டுகளைக் கரும்பலகையிலே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கருத்துரை எதுவும் கூறவில்லை.

1931: டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் இலங்கையில் 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தமிழரும், சில நிபந்தனைகளோடு, வாக்காளராயினர். 1947: சுதந்திரத்துக்கு முந்திய பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழுபேர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948: நாடு சுதந்திரம் பெற்றது, அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. தந்தையோ, தந்தையும் பாட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தவரென நிரூபிக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. தோட்டத்திலே பிறப்புச் சான்றிதழை எவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்? 1949: தேர்தற் சட்டத் திருத்தத்தால் பிரஜையல்லாதார் வாக்கும் இழந்தனர். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு நாட்டிற்கும் உரியரல்லாதவராயினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பிலே ஒருவர்தானும் தெரிவாகவில்லை.

இதற்குப் பக்கத்திலே ஆசிரியர் மற்றொரு திகதியை எழுதினார். 1948, டிசம்பர் 10. அன்று பாரிஸ் நகரத்திலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பதினைந்தாம் உறுப்புரை, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாயிருக்கும் உரிமை உண்டென்றும், அவ்வுரிமையை எவரிடமிருந்தும் எதேச்சையாகப் பறித்தலாகாதென்றும் கூறுகின்றது. இலங்கை அப்பொழுது அச்சபையில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. 1955இலேயே அது சேர்ந்தது. "நவம்பர் பதினைந்துக்கும் டிசம்பர் பத்துக்கும் இடையில் எத்தனை நாள்?" என்று ஆசிரியர் கேட்டார். "இருபத்தைந்து" என்றது வகுப்பு. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பின்னர் 1964. அவ்வாண்டு அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப்பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு அரசுகளும் இணங்கின. எழுவர் இந்தியா சென்றால் நால்வருக்கு இங்கே பிரஜாவுரிமை என்பது கணக்கு. எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அம்மக்களின் விருப்பத்தை எவர் கேட்டார்? தலைமன்னாரிலே இராமானுஜம் கப்பல் ஏறியவர் ஒரு பக்கமும், கரையிலே நின்றவர் மறுபக்கமுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

இறுதியாக 2003. அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை பெற வழி திறந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி அது நிறைவேறிற்று. அவ்வாண்டு முடிவிலே நடந்த ஓர் இயக்கத்தில் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் பேரளவில் பிரஜைகளாயினர் என்று அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையம் தெரிவித்தது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

"உன் அம்மாயி அதுவரைக்கும் யார் என்று கேட்டாயல்லவா?" என்றார் ஆசிரியர் அச்சிறுமியை நோக்கி. "சட்டம் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. நாடற்றவர் என்பது அப்பெயர். அவர் அதுவரைக்கும் இந்த மலையிலே கொழுந்தெடுத்தார், பிள்ளை வளர்த்தார், கோயில் திருவிழாவுக்குக் காசு கொடுத்தார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நீங்கள் அளந்து பார்க்கவேண்டும். அதுதான் இன்றைய பாடம்."

ஒரு தந்தையின் முறைப்பாடு

இப்படியான பாடம் எவ்வித எதிர்ப்புமின்றி நடந்துவிடுமென்று எண்ணவேண்டாம். மறுநாளே ஒரு தந்தை பாடசாலைக்கு வந்தார். மகன் வீட்டில் ஒன்றும் உண்ணாமற் கோபத்தோடு இருந்தானாம். சிங்கள நண்பனோடு விளையாடப் போகமாட்டேன் என்று சொன்னானாம். "பழைய புண்ணை ஏன் சேர் கிளறுறீங்க? நாங்க பட்டது போதும். பிள்ளைங்க படிச்சுப் பாஸ் பண்ணினாப் போதும்" என்று அவர் வேண்டினார். அவர் குரலிலே கோபமிருக்கவில்லை, அச்சமே இருந்தது.

இந்த அச்சம் வெறுங் கற்பனையன்று. 1983 முதல் 2009 வரை இந்நாடு அனுபவித்த போரை நாம் மறந்துவிடவில்லை. அநியாயத்தைக் கற்பிக்கப்போய் வெறுப்பைக் கற்பித்துவிடுவது மிக எளிது. ஆசிரியர் அத்தந்தையை வாங்கிலே இருத்தி, மன்னிப்புக் கேட்டார். தம் பாடத்தில் ஒரு பாதி விடுபட்டுப்போனது என்று ஒப்புக்கொண்டார். அது எமக்கு வியப்பளித்தது.

விடுபட்ட பாதி அடுத்த பாடத்தில் வந்தது. 1948இலே அச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர் தமிழர் மாத்திரமல்லர்; சிங்கள இடதுசாரித் தலைவர்களும் எதிர்த்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எல்லாக் கட்சியினரும் கைகொடுத்தனர். நன்மையும் தீமையும் ஓர் இனத்தின் தனிச்சொத்தல்ல. சட்டங்களை மனிதரே இயற்றுகின்றனர், மனிதரே திருத்துகின்றனர் என்பதைப் பிள்ளைகள் கண்டனர்.

அதன்பின்னரே உலகப் படத்தில் பர்மாவைக் காட்டினார் ஆசிரியர். 1982இலே அங்கு இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டத்தால் ரோகிஞ்சா மக்கள் நாடற்றவராயினர். 2017 ஆகஸ்டுக்குப்பின் அவர்களுள் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து பங்களாதேசுக்கு ஓடினர். அங்கே அகதி முகாமிலே பதினான்கு வயதுச் சிறுமியொருத்தி இருப்பாள். அவளுடைய பாட்டியும் அதே கேள்விக்கு ஆளானவளே. உலகிலே நாடற்றோரென்று ஐக்கிய நாடுகள் ஆணையம் கணக்கிட்டுப் பதிந்தவர்கள் மாத்திரம் நாற்பது இலட்சத்துக்கு மேற்படுவர்.

கோபித்திருந்த பையன் அன்று வகுப்பிலே கேட்ட கேள்வி: "அவங்களுக்கு நாம ஏதாச்சும் செய்ய முடியுமா சேர்?" தன் துன்பத்திலிருந்து பிறர் துன்பத்துக்கு ஒரு பாலம் கட்டப்பட்டுவிட்டது. கோபம் எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரிந்திராது. உலகப் பிரஜைத்துவம் என்பது இதுவன்றி வேறு யாது?

நுளம்புக்குக் கடவுச்சீட்டு இல்லை

மலைநாட்டுப் பிள்ளைக்குத் தேயிலைபோல, ஒவ்வோர் ஊர்ப் பிள்ளைக்கும் உலகத்தின் ஒரு வாசல் அருகிலேயே இருக்கின்றது. சிலவற்றை இங்கே எடுத்துக்காட்டுவோம்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1934–35ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் பரவிய அந்நோய் 80 ஆயிரம்பேரளவில் உயிர் குடித்தது. பிற்காலத்தில் மருந்து தெளித்து, 1963இல் நோயாளர் தொகையைப் பதினேழாகக் குறைத்தோம். வெற்றி கிட்டிவிட்டதென்று அயர்ந்தோம். 1968–69இலே நோய் மீண்டும் பெருகி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிற்று. விடாமுயற்சியின் பின் 2016 செப்டெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென இலங்கைக்குச் சான்று வழங்கியது. நுளம்பு கடவுச்சீட்டுப் பெற்றுப் பயணஞ்செய்வதில்லை. அயல்நாட்டில் நோயிருக்கும்வரை நாமும் விழித்திருக்கவேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் சொல்லும்?

கரையோரப் பிள்ளைகளுக்குக் கடலே ஆசான். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் நாட்டில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. அதே காலையிலே, தாய்லாந்தின் புக்கெற் தீவில் மைக்காவ் என்னும் கடற்கரையில், பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்பே பூமிசாத்திர வகுப்பில் ஆழிப்பேரலையின் அறிகுறிகளை அவள் கற்றிருந்தாள். "ஓடுங்கள்" என்று அவள் அலறினாள். அக்கரையிலிருந்த ஏறத்தாழ நூறுபேர் பிழைத்தனர். தூரதேசத்து எரிமலையும் பூகம்பமும் நமக்கெதற்கு என்று கேட்பாருக்கு இச்சிறுமியே விடை.

2021 மேயில் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்து, ஜூனில் மூழ்கிற்று. அதிலிருந்த கோடிக்கணக்கான பிளாஸ்டிக் குருணிகள் மேற்குக் கரையெங்கும் பனிபோற் படிந்தன. மீன்பிடிக்கத் தடை வந்தது. அடுப்பு அணைந்த வீடுகள் பல. கப்பல் எந்நாட்டுக் கொடியின்கீழ்ப் பயணஞ்செய்தது, நட்டத்துக்குப் பொறுப்பாளி யார், வழக்கு எங்கே பேசப்படவேண்டும் என்பன, நீர்கொழும்புப் பிள்ளைக்கு உலகப் பிரச்சினைகளல்ல, வீட்டுப் பிரச்சினைகள்.

ஆசிரியருக்கு ஒரு சொல்

இத்தகைய பாடத்தைக் கற்பிக்க மிகுந்த பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு தேசப்படம், ஒரு பத்திரிகை, ஒரு தராசு போதும். ஆனால், வேறு சில அவசியம். முதலாவது, பிள்ளையின் கேள்விக்கு நேரம் கொடுத்தல். இரண்டாவது, நடந்ததையும் தம் கருத்தையும் வேறு வேறாகச் சொல்லுதல். மூன்றாவது, மறுதரப்பின் நியாயத்தை அத்தரப்பார் ஒப்புக்கொள்ளத்தக்கவாறு எடுத்துரைத்தல். நான்காவது, துன்பத்தைக் காட்டுமிடத்து அதற்கெதிராக உழைத்தவரையும் காட்டுதல். இல்லையேல் பிள்ளையின் நெஞ்சில் எஞ்சுவது ஏக்கமோ பகையோதான். அந்த மலைநாட்டு ஆசிரியர் நான்காவதை முதலில் மறந்தார்; மறந்ததை ஒப்புக்கொண்டு திருத்தினார். ஆசிரியர் தம் தவற்றைத் திருத்துவதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்கு ஒரு குடியுரிமைப் பாடமே.

வகுப்பறை தன்னளவில் ஒரு சிறு நாடு என்பதையும் மறத்தலாகாது. வகுப்புத் தலைவரை ஆசிரியர் நியமித்துவிட்டு ஜனநாயகத்தைக் கற்பித்தல் பொருந்துமா? பிள்ளைகள் வாக்களித்துத் தெரிவு செய்யட்டும். தோற்றவன் வென்றவனோடு கைகுலுக்கட்டும். தண்ணீர்க் குழாயடியில் வரிசை, பின்வாங்குப் பிள்ளைக்கும் பேச முறை, நொண்டும் பிள்ளைக்கு விளையாட்டில் ஓரிடம் ஆகிய இவற்றிலே நீதியைக் காணாத பிள்ளை, ஐக்கிய நாடுகள் சபையின் பட்டயத்தை மனப்பாடஞ் செய்து என்ன பயன்?

நம் நாட்டிலே தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலையில், வெவ்வேறு மொழியிற் கற்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் இரண்டாம் மொழியாகப் பயில ஏற்பாடு இருக்கின்றது. அப்பாடத்தைப் பரீட்சைப் பாடமென மட்டும் எண்ணாமல், அயல் வீட்டுக் கதவின் சாவியென எண்ணிக் கற்பித்தால், உலகப் பிரஜைத்துவத்தின் முதற்படியை இங்கேயே ஏறிவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

தாய்மாரே, தந்தையரே! இப்பொறுப்பு முழுவதையும் ஆசிரியர் தலையிலே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கியிருத்தல் முறையன்று. இரவிலே உணவருந்தும் வேளையில் அன்றைய செய்தியொன்றைப்பற்றிப் பிள்ளையோடு பேசுங்கள். அந்நாடு எங்கிருக்கிறதென்று தேசப்படத்திற் சேர்ந்து தேடுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதீர்கள். பிற இனத்தாரைப்பற்றியோ, பிற சமயத்தாரைப்பற்றியோ, தொழிலாலும் சாதியாலும் தாழ்ந்தவரென நாம் எண்ணுவோரைப்பற்றியோ வீட்டிலே வாய் தவறிச் சொல்லும் ஒரு சொல், வகுப்பறையில் ஓராண்டு கற்பித்ததை ஒரு நொடியில் அழித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கதையைச் சொல்லுங்கள். வெட்கப்படவேண்டிய கதையென்று எண்ணி மறைத்துவைத்திருப்பீர்கள். அதனுள்ளேதான் பிள்ளைக்கு வேண்டிய உலக சரித்திரம் இருக்கின்றது.

தகரப்பெட்டி

நாம் மூன்றாம்முறை சென்ற அன்று வகுப்பிலே ஒரு விருந்தாளி இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி. சலவைசெய்த வெள்ளைச் சேலை. மடியிலே பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று. கேள்வி கேட்ட சிறுமியின் அம்மாயிதான் அவர்.

அவர் அதிகம் பேசவில்லை. பெட்டியைத் திறந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய தகப்பனார் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்ட கடிதம், மடிப்புகளிற் கிழிந்திருந்தது. இந்தியாவுக்குப் போன அண்ணனிடமிருந்து வந்த நீலநிறக் கடிதங்கள் நான்கு, ஐந்தாவது வரவேயில்லையாம். கடைசியிலே, பொலித்தீன் உறையிற் பத்திரமாகப் பொதிந்த, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற சான்றுப் பத்திரம்.

முப்பது பிள்ளைகளும் மேசையைச் சூழ்ந்து நின்றனர். எவரும் எதையும் தொடவில்லை. ஒரு பையன் மெல்லக் கேட்டான்: "அம்மாயி, இந்தக் கடதாசி கெடைச்ச அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

மூதாட்டி சற்று யோசித்தார்.

"அன்னைக்கு வேலை நாள் தம்பி. மலைக்குப் போனேன். ஆனா அதுக்கப்புறம் வந்த தேர்தல்ல, காலையில முதல் ஆளா வரிசையில போய் நின்னேன். மழை பேஞ்சிச்சு. நான் குடையை விரிக்கல. விரலில வச்ச மையை எல்லாரும் பார்க்கட்டும்னு கையை வெளிய நீட்டிக்கிட்டே லயத்துக்கு வந்தேன்."

அன்று அவ்வகுப்பில் எவரும் வரைவிலக்கணம் ஒப்புவிக்கவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை.